மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதியவர்

சூசை அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டு விழாப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி பிலோமி அக்காவின் எண் போனில் வந்தது. மறுபடியும் ஒத்திகையைத் தள்ளிப்போடச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எடுக்காமல் விட்டேன். இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்து, "சொல்லுங்கக்கா, இப்ப என்னவாம் அவருக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

"டீச்சர், அவிய போயிட்டாவ" என்றார் அக்கா. "காலையில சாயா குடிச்சிட்டு நெஞ்சு கரிக்கிதுன்னாவ. ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கும்போதே ஒண்ணும் இல்ல."

இதைப் படிக்கிற உங்களில் பலர் அடக்கத்துக்குத் தருவைகுளம் வந்திருந்தீர்கள். நான் அழவில்லை என்று சிலர் பேசிக்கொண்டதாகப் பிறகு காதில் விழுந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த வாரச் சனிக்கிழமை இருபத்திரண்டு பேர் உட்கார்ந்து அவருடைய இசையை முதல் தடவையாக வாசிப்பதாக இருந்தது. அதற்காக நான்கு வருஷம் அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஐந்தே நாள் மிச்சம் இருக்கும்போது மனுஷன் கிளம்பிப் போய்விட்டார்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் கண்டெய்னர் எண்களை டைப் அடித்துக்கொண்டிருந்தவராகத்தான் உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். அதற்கு முன் பதினைந்து வருஷம் அவர் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர். வலது காதில் ஜவ்வு கிழிந்து, இனி இறங்கினால் செவிடுதான் என்று டாக்டர் சொன்ன பிறகு கரையேறினார். ஆபீசில் கம்ப்யூட்டர் பழகினார். அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓர் ஆர்கெஸ்ட்ராவையும் வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ காட்டிக்கொடுத்தார்கள். எங்கோ வெளிநாட்டில் வயலினையும் புல்லாங்குழலையும் கொம்பையும் ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிந்து வைத்திருக்கிறார்கள். இங்கே கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அறுபது பேர் சேர்ந்து வாசித்த மாதிரிக் கேட்கும். வீட்டு மாடி அறையில் அந்த அறுபது பேரையும் வைத்துக்கொண்டு, ஓர் ஆர்கெஸ்ட்ராவை நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காமல், நாற்பது நிமிஷ இசையை எழுதினார். கடலைப் பற்றியது என்று மட்டும் சொல்வார். என்ன பெயர் என்று கேட்டால், "பேரு பொறவு வைக்கலாம் டீச்சர், பிள்ளை முதல்ல பொறக்கட்டும்" என்பார்.

என்னைத் தேடி வந்ததே ஒரு கேள்வியோடுதான். பள்ளிக்கூட வாசலில், ஆபீஸ் சட்டையோடு, பைக்கை நிறுத்திவிட்டு நின்றார். பேர் ஊர் ஒன்றும் சொல்லவில்லை. "டீச்சர், வயலின்ல வில்லு மேல போறப்ப ஒரு சத்தம், கீழ வாரப்ப ஒரு சத்தமா? கம்ப்யூட்டர்ல ரெண்டு தினுசா வச்சிருக்கான். எதை எங்கன போடணும்னு தெரியல" என்றார். நான் தாமிரபரணிக் கரையில் பெருமாள் கோயில் ஊர்க்காரி. கச்சேரிக்கென்று வயலின் கற்றவள். மேற்கத்தியத் தாளைப் பார்த்து வாசிக்க இந்தப் பள்ளிக்கூடத்து சிஸ்டர்கள்தான் பழக்கினார்கள். முப்பது வருஷத்தில் யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வயலினை எடுத்து வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அப்பம் நான் எழுதுனது பூராத் தப்பு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஒரு மாதம் ஆளைக் காணவில்லை. மொத்தத்தையும் திருத்திக்கொண்டிருந்தாராம்.

அவரோடு வேலை செய்வது லேசான காரியம் இல்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். அந்தப் பதிவு செய்த வயலின்கள் கட்டையை அழுத்தியதும் உடனே ஒலிக்காது, ஒரு கண்ணிமைப்பு தாமதமாகத்தான் எழும்பும். அதைச் சரிக்கட்ட சாஃப்ட்வேரிலேயே ஒரு வழி இருக்கிறது. அண்ணாச்சி அதைப் பார்க்கவே இல்லை. வயலின் வருகிற ஒவ்வொரு சுரத்தையும், ஆயிரக்கணக்கில், மவுசால் பிடித்துக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தார். "இந்த வயலின்காரனுவ சோம்பேறிப் பயலுவ டீச்சர். கூப்பிட்ட உடனே வாரதில்ல. முன்கூட்டியே சத்தம் கொடுத்து எழுப்பணும்" என்றார். கொம்புக்காரர்கள் பரவாயில்லையாம், சொன்ன நேரத்துக்கு வருவார்களாம். கேட்பதற்கு எல்லாம் சரியாக இருந்தது. ஆட்கள் வாசிப்பதற்காக அதைத் தாளில் அச்செடுத்தபோதுதான் வினை தெரிந்தது. ஒரு சுரம்கூடத் தாளத்தில் நிற்கவில்லை. என் கோடை விடுமுறை முழுவதும் அவற்றைப் பிடித்து மறுபடி வரிசையில் நிறுத்துவதிலேயே போனது. அவரைத் திட்டாத நாள் இல்லை.

ஆட்களை வைத்து வாசிக்கலாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஆள்னா வருவான், வராமலும் இருப்பான். இவன் எப்பமும் இருப்பான்" என்று கம்ப்யூட்டரைக் காட்டுவார். ஒரு நாள் எனக்குப் பொறுமை போய், "உங்க அறுபது பேரும் பிணம் மாதிரி வாசிக்கிறாங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து போன் செய்தார். "நீங்க சொன்னப்புறம் எனக்கும் அப்படித்தான் கேக்கு. இருக்கிற சுகமும் போச்சு" என்றார். பிறகு, "ஒரே ஒரு தடவை, ஆளுவ வாசிச்சு, நான் எதுத்தாப்புல உக்காந்து கேட்டுட்டாப் போதும்" என்றார். அவர் என்னிடம் கேட்ட ஒரே காரியம் இதுதான். அதைத்தான் என்னால் செய்து கொடுக்க முடியாமல் போய்விட்டது.

ஆட்கள் சேர்ந்தார்கள். மாதா கோயில் பாடகர் குழுக்களிலிருந்தும், திருநெல்வேலி, நாகர்கோவிலிலிருந்தும் பிடித்துப் போட்டேன். கோவில்பட்டியிலிருந்து புல்லாங்குழல் முருகேசன் வந்தார். முதலில் அவரை மட்டும் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னோம். நடுவில் ஒரு நீண்ட மெட்டு வரும், கேட்டவர்களுக்குத் தெரியும், அவ்வளவு அழகு. முருகேசன் ஆரம்பித்தார். பாதி தாண்டும்போது கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் கொஞ்சம் தாண்டியதும் கண் பிதுங்கியது. குழலைக் கீழே வைத்துவிட்டு, வாங்கிய மூச்சோடு, "அண்ணாச்சி, இது மனுஷன் ஊதவா, சுறா ஊதவா?" என்றார்.

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. "இல்லய்யா, நான் மூச்சுப் பிடிச்சுப் பாத்துத்தான்யா எழுதுனேன்" என்றார்.

கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. குழலுக்கும் கொம்புக்கும் ஒரு வரி எழுதும்போதெல்லாம், ஊதுகிறவன் தாங்குவானா என்று பார்க்க, இவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வரி முடிகிறவரை இவரால் தாங்க முடிந்தால் சரி என்று கணக்கு. சங்கு குளித்தவர், இரண்டு நிமிஷம் சர்வசாதாரணமாகப் பிடிப்பார். பிடித்துக்கொண்டிருப்பது வேறு, ஊதி வெளியே விடுவது வேறு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கம்ப்யூட்டரில் இருந்த குழல்காரனும் ஒரு நாளும் மூச்சு முட்டுகிறது என்று சொன்னதில்லை.

முருகேசன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நாற்பது நிமிஷ இசையில் ஊதுகிற ஒருவரும் உயிரோடு வெளியே வர முடியாது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அத்தனை பேருக்கும் முன்னால் வைத்து, "வாசிக்கிறவங்க எல்லாரும் மனுஷங்க அண்ணாச்சி! எல்லாருக்கும் மூச்சு வேணும்! போய் எல்லாருக்கும் மூச்சு விடுங்க, அப்புறமா ஒத்திகையைப் பத்திப் பேசுவோம்!" என்று கத்தினேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. "சரி டீச்சர்" என்று எழுந்து போனார்.

ஊதுகிறவர்கள் மொத்தம் ஏழு பேர். அவர்களுடைய வரிகளில் ஆங்காங்கே இடைவெளி விட இரண்டு வாரம் ஏராளம். அண்ணாச்சி ஒரு மாதம் கேட்டார். பிறகு இன்னொரு மாதம். பிறகு, "கொஞ்சம்தான் பாக்கி, முடிச்சிருதேன்" என்று மூன்றாம் தடவை. ஒவ்வொரு முறையும் இருபத்திரண்டு பேருக்கும் போன் போட்டு, லீவு நாள் போச்சே என்ற முனகலைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் நான். கடைசியாக அவர் கூப்பிட்டது சாவதற்கு எட்டு நாள் முன்னால். "டீச்சர், இந்த வயலினுக்கு ஒரு சந்தேகம்..." என்று ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. "இனிமே ஒரு சந்தேகமும் கேக்காதீங்க. வர்ற சனிக்கு அடுத்த சனி ஒத்திகை. எப்படி இருக்கோ அப்படியே கொண்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் பிலோமி அக்கா என்னை மாடி அறைக்குக் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்தார். திறந்து பார்த்தேன். புல்லாங்குழலில் இடைவெளி விட்டிருந்தார், கொம்பில் விட்டிருந்தார், எல்லாம் கச்சிதம். கீழே நகர்த்தினேன். வயலினில் விட்டிருந்தார். அதே மாதிரி வில்லால் இழுக்கிற செல்லோவில் விட்டிருந்தார். முரசில், ஆமாம், குச்சியால் அடிக்கிற முரசில், நான்கு வரிக்கு ஒரு தடவை இடைவெளி. ஒவ்வொன்றின் பெயருக்குப் பக்கத்திலும் 'மூச்சு பாத்தாச்சு' என்று எழுதி வைத்திருந்தார்.

"மூணு மாசமும் இதே வேலைதான் டீச்சர்" என்றார் அக்கா. "இடது கையைத் தோள்கிட்ட நீட்டி, வலது கையால வில்லு இழுக்கிற மாதிரி இழுத்துக்கிட்டே, வாயால ஊதிக்கிட்டு இருப்பாவ. மூச்சு முடியுற இடத்துல ஒரு கோடு போடுவாவ. ஏன் இப்படிக் கெடந்து சாவுதியன்னு கேட்டா, எல்லாருக்கும் விடணும்னு டீச்சர் சொல்லிட்டாவன்னாவ."

வயலின் வாசிக்க மூச்சு நிற்க வேண்டியதில்லை. வாசித்துக்கொண்டே மூச்சு விடலாம், அதைத்தானே காலம் முழுக்கச் செய்கிறேன். அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கேட்கத்தான் கூப்பிட்டார். நான் ஒரே ஒரு வாக்கியம் பதில் சொல்லியிருந்தால், ஏன், முதல் நாளே கத்தாமல் 'ஊதுகிறவர்களுக்கு' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால், இரண்டு மாதத்துக்கு முன்பே ஒத்திகை முடிந்திருக்கும். அவர் எதிரே உட்கார்ந்து கேட்டிருப்பார். யார் மேல் கோபம் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் மேலும்தான். கத்தினால் என்ன, திருப்பிக் கேட்க வேண்டியதுதானே? நான் என்ன மாதாவா, சொன்னதை அப்படியே செய்வதற்கு?

முருகேசனிடம் அவருடைய தாளைக் கொடுத்தேன். அந்த நீண்ட மெட்டைக் கடைசிவரை ஊதினார். எந்த இடத்திலும் திணறவில்லை. முடித்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

வருகிற ஞாயிறு மாலை, தருவைகுளம் கோயில் பக்கத்து மண்டபத்தில் வாசிக்கிறோம். அவரை அறிந்த எல்லாரும் வர வேண்டும். வயலின், செல்லோ, முரசு எல்லாவற்றிலிருந்தும் அந்த இடைவெளிகளை எடுத்துவிட்டேன். அவை இருந்தால் இசை நொண்டுகிறது. அவரே இருந்திருந்தாலும், "ஐயையோ, எடுங்க டீச்சர்" என்று பதறியிருப்பார்.

நினைவுக்கென்று அவருடைய சாமான்கள் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. முதல் வயலின் வாசிப்பவர்கள் நாங்கள் நான்கு பேர். மற்ற மூன்று பேருடைய தாளிலும் திருத்தியாகிவிட்டது. என் தாளில் மட்டும் நான் கை வைக்கவில்லை. அவர் எனக்கென்று விட்டிருக்கிற நாற்பத்தொரு இடத்திலும் வில்லைத் தூக்கிவிடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் வாசித்துக்கொண்டிருப்பார்கள், இசை நிற்காது, கேட்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தேவையே இல்லாத மூச்சு அது, அண்ணாச்சி. ஒன்று விடாமல் எடுத்துக்கொள்வேன்.