அப்ரூவல் கிடைக்காத பைகள்

எங்கள் வீட்டில் பயணம் என்றால் அட்டைப்பெட்டிதான். எங்கே கிளம்பினாலும், கம்பெனியில் மிஞ்சிய கார்ட்டன் ஒன்றில் துணிமணியை அடுக்கி, டேப் ஒட்டி, மேலே ஒரு கயிறு கட்டிவிடுவேன். அந்தப் பெட்டி பழனிக்கும் போயிருக்கிறது, நாத்தனார் மகள் கல்யாணத்துக்குக் கணியூருக்கும் போயிருக்கிறது. சக்கரம் வைத்த பை எதற்கு, கை என்ன சும்மாவா இருக்கிறது என்று கேட்கிற ரகம் நாங்கள்.

அருள்புரத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் பேக்கிங் சூப்பர்வைசர். என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் குவாலிட்டி இன்சார்ஜ். பனியன் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேட்டாலே சிரித்துவிடுவார்கள். அந்த இரண்டு செக்‌ஷனுக்கும் கீரிக்கும் பாம்புக்கும் உள்ள பொருத்தம். லாரி வாசலில் நிற்கும். நான் பெட்டிகளை ஏற்றப் பார்ப்பேன். அவர் நடுவில் வந்து ஒரு டீசர்ட்டை உருவி, தோள்பட்டைத் தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்து, "ஹோல்டு" என்பார். எல்லாப் பெட்டியையும் மறுபடி பிரிக்க வேண்டும். அவர் நிறுத்துகிறவர், நான் அனுப்புகிறவள். அப்படிச் சண்டை போட்டுப் போட்டுத்தான் எங்களுக்குக் கல்யாணமே ஆனது.

போன பொங்கலுக்குப் பிறகு அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் கோயம்புத்தூருக்குப் போனோம். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். கண் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது என்றார். போன பார்வை திரும்பாது, இருப்பது இன்னும் எத்தனை நாள் நிற்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். "பாக்கணும்னு ஆசைப்பட்டது ஏதாவது இருந்தா தள்ளிப்போடாதீங்க" என்று மட்டும் சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பி வரும்போது, பஸ் பல்லடம் தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"பனிமலை பாக்கோணும் அம்முணி. படத்துல இல்ல, நேருல."

டீக்குச் சர்க்கரை போதவில்லை என்றுகூட வாய் திறந்து கேட்டறியாத மனுஷன். இருபது வருடமாக ஏதாவது ஒரு ஷிப்மென்ட்டைச் சொல்லி, ஊட்டிக்குக்கூட என்னைக் கூட்டிப் போகாதவர். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்டக்டர் பார்க்கிறாரே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வடக்கே பனிமலைகளுக்கு நடுவில் இருக்கும் ஸ்பிட்டி என்ற இடத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போகிற ஒருவரைப் பற்றி, கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கும் பெண் சொன்னாள். அவரை போனில் பிடித்தேன். "ரோடு மோசமா இருக்குமுங்கக்கா. ஓடையெல்லாம் தாண்டோணும், டென்ட்ல தங்கோணும். சூட்கேஸ் மட்டும் கொண்டாந்தராதீங்க. கல்லுல இழுத்தாலும் தாங்கற மாதிரி, பெரிய சக்கரம் வெச்ச டஃபிள் பேக்காப் பாத்து வாங்குங்க. ஜூன்ல ஒரு பேட்ச் போகுது, செப்டம்பர்ல ஒண்ணு. அதுக்கு மேல பனி கொட்டி வழி அடைச்சுக்குமுங்க" என்றார்.

ஜூனுக்கே பேர் கொடுத்துவிடலாம் என்றேன். என் வீட்டுக்காரர் கையை உயர்த்தினார். "மொதல்ல பை" என்றார்.

அவர் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கள் தொழில் அப்படிப் பழக்கிவிட்டது. ஓர் ஆர்டர் வந்தால் முதலில் ஒரே ஒரு சாம்பிள் தைத்து அனுப்புவோம். வாங்குகிறவன் அதில் குறை எழுதி அனுப்புவான். திருத்தி மறுபடி அனுப்புவோம். மறுபடி குறை வரும். அவன் அப்ரூவல் கொடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் துணியில் கத்தரி வைக்க மாட்டோம். பையையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். சாம்பிள் அப்ரூவல் ஆகாமல் பயணம் எப்படி ஓடும்?

முதல் பையை ஆன்லைனில் வரவழைத்தோம். அதில் கட்டிங் வேஸ்ட் துணியைத் திணித்து, மேலே அம்மிக்குழவியை வைத்து ஜிப்பை மூடினார். எங்கள் வீதியில் சாக்கடை வேலைக்காகத் தோண்டிப்போட்ட கல்லும் மண்ணும் அப்படியே கிடந்தது. அதன் மேல் பையை அந்தக் கோடிவரை இழுத்துப்போய்க் கொண்டுவந்தார். நாய்கள் பின்னாலேயே போயின. பக்கத்து வீட்டு அம்மா, "ஏனுங்க, எங்க கெளம்பீட்டீங்க?" என்று கேட்டார். "டெஸ்டிங்குங்க" என்று சொல்லிவிட்டு இவர் நிற்காமல் நடந்தார். சக்கரத்துக்கு மேலே தையல் ஒரு விரல் அளவு பிரிந்திருந்தது. செக்கிங்கில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அங்கே ஒட்டினார். "மேஜர்" என்றார். பெரிய குறை என்பதற்குச் செக்கிங் பாஷை.

அது திரும்பிப் போனது. அடுத்ததில் ஜிப் கடித்தது. அதற்கடுத்ததில் கைப்பிடிக் கம்பி ஆடியது. கூரியர்காரர் ஸ்டிக்கர்களைப் பார்த்துவிட்டு, "என்னங்கக்கா, பைக்கு அம்மை போட்டிருச்சா?" என்றார். பொண்ணு பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை குறை சொல்ல மாட்டார்கள்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாய் பை கடை வைத்திருக்கிறார். அங்கேயும் போனோம். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு பையாக உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டு, தையலை விரலால் தடவிக்கொண்டே போனார். பாய் பொறுத்துப் பார்த்தார்.

"அண்ணா, இது பேக்குங்க. பெனியன் இல்லீங்க."

"தையல்னா தையல்தானுங்க பாய்."

ஜூன் பேட்ச் நாங்கள் இல்லாமல் போனது. அவர்கள் அனுப்பிய வீடியோவில் வெள்ளையாக மலை, அதன் கீழே எறும்பு வரிசை போல ஆட்கள். என் வீட்டுக்காரர் போனை மூக்கோடு ஒட்டி வைத்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "பை சரியா அமையலியே" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவரோடு பேசவே இல்லை. "உங்க கண்ணு ஷிப்மென்ட் தேதியப் பாத்துட்டு நிக்குமாங்க?" என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

அப்புறம் யோசித்தால் கோபமும் நிற்கவில்லை. பையில் குறை இருக்கிற வரைக்கும் பனிமலை இன்னும் முன்னால்தான் இருக்கிறது. அதைவிட, குறையைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் கண் இருக்கிறது. அவர் சோதித்தது பையையா என்ன?

ஆடி மாதம் வந்த பைதான் என்னை உலுக்கியது. அடிப்பக்கத்தில் தையல் விட்டுப்போய், நூல் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று மெஷினில் உட்கார்ந்த பிள்ளைகூட அதைக் காட்டிவிடும். அவர் பையை மடியில் வைத்துக் குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு ஸ்டிக்கரை எடுத்து, குறைக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு குறையும் இல்லாத தையலின் மேல் ஒட்டினார். "பாத்தியா? விட்ருந்தாத் தப்பிச்சிருக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அந்த மாதத்தோடு அவர் வண்டி ஓட்டுவதை நிறுத்தினார். கம்பெனியில், செக்கிங் டேபிளை விட்டு ஆபீசில் வந்து உட்காரச் சொன்னார்கள். உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்.

இனி இவரை நம்பினால் ஆகாது என்று நான் தனியாகப் பாய் கடைக்குப் போனேன். "கிழியாதது, ஒடையாதது, தண்ணி எறங்காதது. ஒரே ஒரு பை காட்டுங்க பாய், எங்க ஊட்டுக்காரரு வாயடைச்சுப் போகோணும்" என்றேன். பாய் பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். லாரிக்குப் போடும் தார்ப்பாய் மாதிரி கெட்டித் துணி, தடித்த ரப்பர் சக்கரம், அடியில் பலகை வைத்தது போல உறுதி. நல்ல தக்காளிச் சிவப்பு. "இந்தக் கலர யாரும் எடுக்க மாட்டேங்கறாங்கக்கா" என்றார். எனக்கு அந்தக் கலர்தான் வேண்டியிருந்தது. அத்தனை வெள்ளைக்கு நடுவில் நாலு பைகளோடு கிடந்தாலும் எங்கள் பை அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, பல மாதத்துக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

உச்சி வெயில் நேரம். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பையை முன்னால் வைத்தேன். வேலையைத் தொடங்கினார். ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். உள்ளே கையை விட்டு மூலை மூலையாகத் தடவினார். கைப்பிடியைப் பிடித்து உலுக்கினார். குழவியைப் போட்டு வீதிக் கல்லில் இழுத்தார். இந்த முறை நானும் கூடவே நடந்து, பள்ளம் வரும்போது அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கெட் தண்ணீரை மேலே ஊற்றினார். உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை. ஸ்டிக்கர் அவர் சட்டைப்பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

"பாஸ்" என்றார். "ஒரு கொறையுமில்ல அம்முணி. இத்தன நாள் இத எங்கயோ வெச்சுக்கிட்டுத் தேடிட்டு இருந்திருக்கறம்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. போனை எடுத்து, செப்டம்பர் பேட்ச்காரரின் நம்பரைத் தேட ஆரம்பித்தேன். அவர் ஈரத்தைத் துடைப்பது போலப் பையின் மேல் கையை ஓட்டிக்கொண்டே இருந்தார். வெயில் நேராகப் பையின் மேல் விழுந்து, சிவப்பு என் கண்ணைக் கூச வைத்தது.

"கருப்பா எடுத்தது நல்லதாப் போச்சு" என்றார். "மலையில இழுக்கறதுக்குக் கருப்புத்தான் லாயக்கு."

நம்பர் தேடிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தில் பல மாதமாக இல்லாத தெளிவு இருந்தது. அங்கே கொண்டுபோய் இவருக்கு எதைக் காட்டுவேன், எந்த மலையைக் காட்டுவேன்?

"ஆமாங்க, கருப்புத்தானுங்க" என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பையை என் பக்கம் உருட்டிவிட்டார்.

"அப்ப டிக்கெட் போட்ரச் சொல்லு அம்முணி. இனிமே நிறுத்தி வெக்கறதுக்கு ஒண்ணுமில்ல."