காலர் அக்கா எழுதி வைத்த தாள்

காலர் அக்காவைப் பைத்தியம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகக் கேட்டுவிடுவேன், சூப்பர்வைசராக இருந்தாலும் சரி. எங்கள் சட்டைத் தையற்கூடத்தில் பன்னிரண்டு மிஷின். ஜன்னலோர மிஷின் அவளுடையது. பதினாறு வருடமாக அவள் காலர் மட்டும்தான் தைக்கிறாள். நாடா வைத்து அளந்து பார்த்து அசடு வழிந்தவர்கள் உண்டு, இரண்டு முனையும் நூல் பிசகாது. பக்கத்து மிஷினில் பொத்தான் துளைக்குக் காஜா போடுகிறவள் நான். அதனால் என் பெயரும் காஜாதான்.

அவளுக்கு மனநோய் உண்டு. இல்லை என்று மழுப்ப மாட்டேன். ஆனால் வருடக்கணக்கில் அது இருக்கும் இடமே தெரியாது. மாதம் ஒரு ஊசி, அதைப் போடச் சுகாதார நிலையத்து நர்ஸ் அவள் அறைக்கே வருவார். சொந்தச் சம்பாத்தியம், சொந்தச் சமையல், இடுப்பில் சொந்தச் சாவி. அந்தச் சாவியைக் கண்டால்தான் அவளுடைய அண்ணனுக்கு ஆகாது. முன்பு ஒருமுறை நோய் முற்றியபோது அவளைக் கயிற்றால் கட்டி வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்டுப் போனார். நாற்பது நாள். மொட்டையடித்து அனுப்பினார்கள். பேன் வருமாம்! அவள் தலையில் ஒரு பேன் கிடையாது.

அதற்குப் பிறகுதான் நர்ஸ் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். நன்றாக இருக்கும்போதே, நோய் வந்தால் எனக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, என் சார்பில் யார் பேச வேண்டும் என்று எழுதி வைக்கலாமாம். டாக்டரும் ஆஸ்பத்திரியும் அதை மதித்தாக வேண்டுமாம். அக்கா ஒரு மதிய இடைவேளையில், துணி வெட்டும் மேஜையில் வைத்தே எழுதினாள்.

"நோய் வருகிறது என்றால் தைத்த காலரைப் பிரிக்க ஆரம்பிப்பேன். உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். மருந்தைக் கூட்டினால் வீட்டிலேயே சரியாகும். என்னைக் கட்டக் கூடாது. முடியைத் தொடக் கூடாது. எனக்காகப் பேச வேண்டியவள் காஜா. அண்ணன் இல்லை."

டாக்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். ஒன்று ஆஸ்பத்திரி ஃபைலுக்குப் போனது. நகல் என் பொத்தான் டப்பாவின் அடியில்.

போன மாதம் வியாழக்கிழமை மதியம் நான் அவள் அறைக்குப் போனபோது பூட்டு தொங்கியது.

"அவ அண்ணன் வந்து செவ்வாக்கிழமையே கூட்டிட்டுப் போயிட்டாரே," என்றாள் வீட்டுக்காரம்மா. "தனியா பேசிக்கிட்டே இருந்தா. எனக்கு பயமாயிடுச்சு, நான்தான் அவருக்கு போன் போட்டேன்."

டப்பாவிலிருந்த நகலை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு கதவிடுக்கில், கட்டிலோடு கட்டிய அவள் கை தெரிந்தது. கவுண்டர் கிளார்க் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நீங்க யாரு? சொந்தமா?"

"கூட வேலை பாக்கிறவ சார். அவங்களுக்காக நான்தான் பேசணும்னு இதுல எழுதியிருக்கு, பாருங்க."

தாளை அவர் தொடவே இல்லை. "ஒரிஜினல் பழைய ஃபைல்ல இருக்கும்மா. அது கீழ ரெக்கார்டு ரூம்ல. அந்த ஆள் லீவு. திங்கக்கிழமை வாங்க."

"அதுவரைக்கும் அவங்கள கட்டியே வெச்சிருப்பீங்களா?"

"கத்தாதீங்க. இது ஆஸ்பத்திரி."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பேச முடியாத நாளில் தனக்காகப் பேசட்டும் என்று ஒருத்தி எழுதிக் கொடுத்த தாள் அது. அந்த நாள் வந்தபோது அதைக் கீழே பூட்டி வைத்துவிட்டு லீவு போட்டிருக்கிறார்கள். இதற்கு எதற்கு ஒரு சட்டம், அதற்கு எதற்கு ஒரு முத்திரை?

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "நடுவுல நீ யாரும்மா? ரோட்டுல ஓடி அடிபட்டான்னா யாரு வருவா? நீயா வருவ?"

"நான்தான் வருவேன். அதத்தான் இதுல எழுதியிருக்கா!"

ஆஸ்பத்திரிக் கூடமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். நர்ஸுக்கு போன் போட்டேன். சுகாதார நிலையத்திலிருந்து அப்படியே ஓடி வந்தவர் என்னை இழுத்துக்கொண்டு நேராக டாக்டரிடமே போனார். டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். "இத யாருமே எங்கிட்ட காட்டலையே," என்றார். கிளார்க் கூரையைப் பார்த்தார்.

கட்டை அவிழ்த்தார்கள். மணிக்கட்டு இரண்டும் கன்றிப் போயிருந்தன. முடி முந்தின நாளே போய்விட்டது.

வீட்டிலேயே மருந்து, தினமும் நர்ஸ். அக்கா மெல்லத் தெளிந்தாள். ஒன்பதாம் நாள் அவள் கட்டிலில் உட்கார்ந்து கிளார்க்கைத் திட்டினேன், அண்ணனைத் திட்டினேன், வீட்டுக்காரம்மாவையும் விடவில்லை. ஒருத்தரையும் சும்மா விடக் கூடாது, மேலே புகார் எழுதலாம் என்றேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எழுதலாம்," என்றாள். "காஜா, அண்ணன் வர்றதுக்கு முந்தின நாள், திங்கக்கிழமை, நான் எத்தன காலர் பிரிச்சேன்?"



"பதினொன்னுக்கா."

"எண்ணியிருக்க."

எண்ணியிருந்தேன். புதன்கிழமை சரக்கு போயாக வேண்டும், நர்ஸைக் கூப்பிட்டால் காலர் வேலை நின்றுவிடும். இரண்டு நாள் தாங்கிவிடுவாள் என்று நினைத்தேன். பிரித்த பதினொன்றையும், சூப்பர்வைசர் பார்க்காமல் நானே தைத்து அடுக்கில் செருகினேன். செவ்வாய்க்கிழமை அவள் வராதபோது, ஓய்வெடுக்கிறாள் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாள் என் கைக்கெட்டும் தூரத்தில், என் டப்பாவில்தான் இருந்தது. ரெக்கார்டு ரூம் ஆளாவது லீவில் இருந்தான். நான் பக்கத்து மிஷினில் இருந்தேன்.

"மன்னிச்சிடுக்கா."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. புதுத் தாள் கேட்டாள். டாக்டரிடம் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும் என்றாள். பழைய வரிகளையே வரிசையாக எழுதிக்கொண்டு வந்தாள். எனக்காகப் பேச வேண்டியவள் என்ற இடத்தில் பேனா நின்றது. நான் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காஜா என்றுதான் எழுதினாள். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்துத் தாளை என் பக்கம் திருப்பினாள்.

"சத்தமா படி."

"சரக்கு போகிற நாளாக இருந்தாலும், காஜா உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்."

"இன்னொரு தடவ," என்றாள்.

படித்தேன்.