கயிற்றைத் தொட்ட கை

ஐஸ் விற்கிறவனுக்குக் கடல்மேல் பெரிய பக்தி எல்லாம் இருக்காது. மீன் வந்தால் வியாபாரம், வராவிட்டால் கொண்டுபோன சரக்கு வெறும் தண்ணீர். கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் என் ஐஸ் கொட்டகை. விடிந்ததும் டிரைசைக்கிளில் கட்டிகளை ஏற்றி, சாக்கால் மூடி, சாந்தோம் வழியாக நொச்சிக்குப்பத்துக்கு மிதிப்பேன். ஹபீபுர் ரஹ்மான் என்ற என் பெயரை அந்தக் கரையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பாய், அவ்வளவுதான். லேசில் எதற்கும் வாய் பிளக்கிற ஆள் இல்லை நான். முத்துமாரி விஷயத்தில் பிளந்தேன்.

முத்துமாரி அந்தக் குப்பத்திலேயே பிறந்து, நாலு குடிசை தள்ளி வாழ்க்கைப்பட்டு, புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். அப்பா அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட, தம்பி பிரபாகரை இடுப்பில் வைத்துக்கொண்டு மீன் விற்றாள். சாலையோரம் பலகை போட்டு அவள் உட்கார்ந்தால், ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து காரில் வருகிறவர்கள்கூட பேரம் பேச யோசிப்பார்கள். ஆனால் குப்பத்தில் அவளுக்கு இருந்த மரியாதை விற்பதால் வந்ததில்லை. கூறு போடுவதால் வந்தது.

கரையிலிருந்து இழுக்கிற பெரிய வலையைப் பார்த்திருப்பீர்கள். படகில் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரைக்குக் கொண்டுவந்து, ஒருவர் பாட்டுச் சொல்ல, வரிசையாக நின்று இழுப்பார்கள். மீனைக் கொட்டியதும் மணலில் சின்னச் சின்னக் குவியலாகப் பங்கு வைக்க வேண்டும். அதுதான் கூறு. வலைக்காரர் பங்கு போக, கயிற்றைத் தொட்ட ஒவ்வொரு கைக்கும் ஒரு கூறு. சொந்தமா, பகையா, வழிப்போக்கனா என்ற கேள்வியே கிடையாது. ஒரு நாள் நான் வேடிக்கையாகக் கயிற்றைப் பிடித்து நாலு இழுப்பு இழுத்தேன். முத்துமாரி என் முன்னால் நெத்திலியைக் குவித்தாள். வேண்டாம்மா என்றேன். "உன்ன யார் கேட்டா பாய்? கயிறு குடுக்குது, வாங்கிக்க" என்றாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுக் கப்பல்களை நம் ஆழ்கடலில் மீன் பிடிக்க விட்டார்கள். இங்கே ஒரு கம்பெனி, அங்கே ஒரு கம்பெனி, கூட்டு வியாபாரம், டாலர் வரும் என்றார்கள். நாடு முன்னேறுகிறது என்று பேப்பரில் படித்து நானும் தலையாட்டினேன். குப்பத்தில் யாரும் ஆட்டவில்லை. சின்னக் கண் வலையைப் போடக் கூடாது என்று எப்போதோ கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, குஞ்சு மீனை வளரவிட்டுப் பிடிக்கிற ஊர் அது.

நாடு முழுக்க மீனவர்கள் வேலைநிறுத்தம் என்று அறிவித்தபோது நான் நம்பவில்லை. வயிறு கேட்குமா என்று நினைத்து வழக்கம்போல ஐஸோடு போய்விட்டேன். கட்டுமரங்கள் வரிசையாக மணலில் கிடந்தன. ஒரு வலைகூட நனையவில்லை. குஜராத்திலிருந்து வங்காளம்வரை இதே மாதிரி கிடக்கிறது என்று சொன்னார்கள்.

"இன்னா பாய், ஐஸ எட்துகினு வந்துக்கிற? கடலுக்கே இன்னிக்கி லீவு" என்றாள் முத்துமாரி.

பள்ளிக்கூடத்தில் இந்தியா படம் வரையும்போது கடற்கரைக் கோட்டைப் பென்சிலால் விறுவிறுவென்று இழுத்துவிட்டுப் போயிருக்கிறேன். அந்தக் கோடு முழுக்க மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஐஸ் உருகி ஓடியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அந்த வாரமே குப்பத்துப் பஞ்சாயத்து ஒரு கட்டுப்பாடு போட்டது. அந்தக் கப்பல்களில் வேலைக்குப் போகிறவனுக்கு ஊரில் படகு கிடையாது, பேச்சு கிடையாது, சோறு கிடையாது. அவனுக்குக் கொடுக்கிறவருக்கும் அதே கதிதான். அதைப் போட்ட ஈரம் காய்வதற்குள் பிரபாகர் போய்விட்டான். யாரோ ஒரு ஏஜெண்ட் அவனை விசாகப்பட்டினத்துக்குக் கூட்டிப்போய்க் கப்பலேற்றினான்.

பஞ்சாயத்துத் தலைவர் ஜவஹர் முத்துமாரியைக் கூப்பிட்டுக் கேட்டார். "நீ இன்னா சொல்ற?"

ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் ஜவஹர் இளகியிருப்பார். அவர் மனசு அப்படி. இவள் நிமிர்ந்து நின்று, "கட்டுப்பாடுன்னா எல்லார்க்கும்தான். எந்தம்பிக்கு இன்னா தனியா?" என்றாள். வளர்த்த பிள்ளையை இப்படியா வெட்டிவிடுவது? கல்நெஞ்சக்காரி என்று திட்டிக்கொண்டே வண்டியை மிதித்தேன்.

சில மாதம் கழித்து அவன் திரும்பி வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அக்கா வாசலில் போய் நின்றிருக்கிறான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் என் கொட்டகைக்கு வந்து சாக்கின்மேல் படுத்தான். எனக்குக் கட்டுப்பாடு போட எந்தப் பஞ்சாயத்தும் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அன்று வீட்டிலிருந்து மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தேன். தொடவில்லை. டீயும் பன்னும் போதும் என்றான்.

"மூணு மாடி ஒசரம் பாய் அந்தக் கப்பலு" என்று அவனாகவே ஆரம்பித்தான். "ஒரு தபா வலைய தூக்குனா, நம்ம மெரினா பக்கம் கீற அத்தினி குப்பமும் உக்காந்து துன்னலாம். அதுல எறாலை மட்டும் பொறுக்கிக்குவானுங்க. மத்ததெல்லாம் செத்த மீனு. வாரி வாரி கடல்லயே கொட்டுவோம். திரும்பிப் பாத்தா கப்பலுக்குப் பின்னால கடலு வெள்ளையா கீது. கண்ணுக்கு எட்டுற வரிக்கும் வெள்ளை."

அவன் பழக்கதோஷத்தில் ஒரு கூடையில் கொஞ்சம் சங்கரா மீனைக் குழம்புக்கு என்று எடுத்து ஒதுக்கி வைத்திருக்கிறான். சமையல்காரன் சிரித்துவிட்டு அதையும் கடலில் கொட்டினானாம். கப்பலில் சாப்பாட்டுக்கு எங்கிருந்தோ வந்த டப்பா மீன்.

"அதுலேர்ந்து மீனு எறங்கல பாய்" என்றான்.

ஒரு கடலையே வெள்ளையாக்குகிற வேலையை மனிதன் செய்ய முடியும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அதன் பிறகு அவன் காலையில் என் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருவான். தார் ரோட்டோடு நின்றுவிடுவான். மணலில் கால் வைக்கமாட்டான். அங்கிருந்தே கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான். முத்துமாரி அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

ஒரு காலை, பெரிய வலை பாதி இழுப்பில் இருந்தபோது நீரோட்டம் மாறி வலை வடக்கே இழுத்துக்கொண்டு போனது. தென்முனைக் கயிற்றில் நின்றவர்கள் குதிகாலை மணலில் புதைத்தும் நிற்க முடியவில்லை. முன்னால் நின்றவர் வழுக்கி விழுந்தார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். வலை போனால் குப்பத்துக்கு அந்த வருஷமே போனது மாதிரி. என் பக்கத்தில் ஏதோ விருட்டென்று ஓடியது. பிரபாகர்தான். யோசித்து ஓடியிருக்க மாட்டான், கயிறு நழுவுவதைக் கண்ட கால்கள் தானாக ஓடியிருக்கும். போய்க் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு மல்லாந்து சாய்ந்தான்.

பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்த ஜவஹர் சட்டென்று நிறுத்திவிட்டார். யாரும் கயிற்றை விடவில்லை, யாரும் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பாட்டு இல்லாமல் வலை இழுத்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வலை கரையேறியது.

மீனைக் கொட்டினார்கள். முத்துமாரி வந்து மண்டியிட்டுக் கூறு வைக்க ஆரம்பித்தாள். எல்லாரும் அவள் கையையே பார்த்தார்கள். பிரபாகர் ரோட்டுக்குத் திரும்பிப் போவதா நிற்பதா என்று தெரியாமல் நனைந்த லுங்கியோடு தள்ளி நின்றான். அவனுக்கு வைத்தால் ஊரை மீறியவள் ஆவாள். அப்புறம் அவளுக்குக் கரையும் இல்லை, கூறும் இல்லை. வைக்காவிட்டால், கயிற்றைத் தொட்ட கையை வெறுங்கையாக அனுப்பிய முதல் ஆள் அவளாக இருப்பாள். அவன் அதோடு ஊரை விட்டே போய்விடுவான்.

கடைசிக் கூறு விழுந்தது. ஜவஹர் சொன்னார், "முத்துமாரி, ஒரு கூறு ஜாஸ்தியா கீது."

"ஜாஸ்தி இல்ல மாமா. கயித்துல எத்தினி பேர் இருந்தாங்களோ அத்தினி." அவள் தலை நிமிரவில்லை. பிறகு எத்தனையோ மாதம் கழித்து முதல் தடவையாகத் தம்பியிடம் பேசினாள். "டேய், அந்தக் கப்பல்ல கயிறு புடிச்சவனுக்கு கூறு உண்டா?"

"கயிறே இல்லக்கா. எல்லாம் மெஷினு."

"மேல எந்த நாட்டுக் கொடி பறந்துச்சு?"

பிரபாகர் கொஞ்சம் தயங்கினான். "நம்ம கொடிதான்க்கா. கப்பலு மட்டும் அவனுங்களுது."

முத்துமாரி எழுந்து, கயிறு இழுத்ததற்காகத் தனக்கு வைத்திருந்த கூறை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போய் ஜவஹர் காலடியில் கொட்டினாள்.

"கயிறு சொன்னத வெச்சுட்டேன் மாமா. கட்டுப்பாட்ட மீறுனது நானு. அதுக்கு என் கூறு ஊருக்கு. கட்டுப்பாடு தப்புன்னு நான் இன்னிக்கும் சொல்லல. இன்னும் இன்னா வேணுமோ போடுங்க."

அரசாங்கம், டாலர், சட்டம் என்று எவ்வளவோ படித்திருக்கிறேன். ஒரு நாடு எப்படி நிற்க வேண்டும் என்று அந்தப் பெண்பிள்ளை மணலில் நின்று காட்டியதுபோல எதிலும் பார்த்ததில்லை. கல்நெஞ்சக்காரி என்று திட்டிய அதே வாயைத் திறந்துகொண்டு நான் நின்றேன்.

ஜவஹர் காலடியில் கிடந்த மீனைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினார்.

"டேய் பிரபாகரு, கப்பலுக்குப் போய்ட்டு வந்தா கயிறு சுத்துறது மறந்து பூடுமா? இன்னா வேடிக்க? எட்து ஒயுங்கா சுத்துடா."

அத்தனை மாதத்தில் ஊர் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. அவன் கயிற்றைச் சுற்றினான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சுற்றினான். முடித்துவிட்டு வந்து தன் கூறின் முன்னால் குந்தி, மீனை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, பிறகு மொத்தத்தையும் அள்ளி அக்காவிடம் நீட்டினான்.

"கொயம்பு வெக்கிறியாக்கா? பசிக்குது."

முத்துமாரி முந்தானையை விரித்தாள்.