மருதம்மாள் வளர்த்த புல்

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த மருதம்மாளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அந்த ஞாயிற்றுக்கிழமையையும் நான்கு வருடமாக ஊரை ஒட்டிய ஓடைக்கே கொடுத்துவந்தாள். அனுப்பிரியா என்கிற கல்லூரிப் பெண் சேர்த்த தன்னார்வக் குழுவோடு போய், ஓடைக்குள் கிடந்த துணிக் கழிவை அள்ளினாள். கரையிலிருந்த சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கினாள். வெள்ளகோவில் பக்கம் மேய்ச்சல் காடுகளில் கொழுக்கட்டைப் புல் விதை சேகரித்து, முந்தானையில் முடிந்து வந்து கரையில் தூவியதும் அவள்தான். மூன்றாம் வருடம் புல் முழங்கால் உயரம் நின்றது. அதற்குள் கவுதாரி முட்டை வைத்திருந்ததைப் பார்த்த அன்று, கணவர் போனபின் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

குப்பை வண்டிகள் மறுபடி வராமலிருக்க வேலி வேண்டும். கம்பெனி ஓனர் சிவபிரகாஷிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அதுக்கென்னங்கக்கா, செஞ்சு போடலாம்!”

மகளின் பிரசவத்துக்காகக் கொமரலிங்கம் போயிருந்துவிட்டுத் திரும்பியவளை, அவரே காரில் ஓடைக்கு அழைத்துப் போனார். வேலி இருந்தது. பந்தலும் மைக்கும் இருந்தன. ஜேசிபி மட்டம் தட்டிய செம்மண்ணில் வரிசை வரிசையாக ஆயிரம் மரக்கன்றுகள்.

“புல்லு எங்கீங்க சார்?”

“வெறும் புல்லுத்தானுங்கக்கா, சுத்தம் பண்ணிட்டோம். இனி இது பெரிய காடாயிரும் பாருங்க.”

அவர் முகத்தில் துளியும் கள்ளமில்லை. ஏசுவதற்கு ஒரு கெட்டவன்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லாரையும் கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

பந்தலுக்குப் பின்னால் அனுப்பிரியா அழுதுகொண்டு நின்றாள். “நான் வர்றதுக்குள்ள முடிச்சுட்டாங்கக்கா. கேட்டா, நீங்க சொல்லித்தான் செஞ்சோம்னாங்க.”

“ஆமா கண்ணு. நாந்தானே போய்க் கேட்டேன்.”

ஐப்பசி மழையில், பிடித்துவைக்கப் புல் இல்லாத மண் கரைந்து ஓடையை மூடியது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் சித்திரைக்குள் முக்கால்வாசிக் கன்றுகள் கருகின.

ஆடி பிறந்ததும் அனுப்பிரியா ஒரு பை நிறைய விதையோடு வந்தாள். “மறுபடி தூவலாம் வாங்கக்கா.”

மருதம்மாள் பைக்குள் கைவிட்டு விதையை அளைந்துகொண்டே இருந்தாள். பிறகு கையை உதறினாள்.

“ஞாயித்துக்கெழமை கம்பெனில ஓ.டி. வேலை இருக்குது கண்ணு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி திறக்கவே இல்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.