கோர்ட்டில் நான் போட்ட பெரிய வார்த்தை

ஸ்கூல் வேன் ஓட்டுகிறவளுக்கு லைசென்ஸ் போனால் பிழைப்பு போச்சு. எங்கள் ஊர் மாசாய் முச்சந்தியில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் என் வேனில் வந்து மோதிக் கையை முறித்துக்கொண்டார். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வந்தது அவர். ஆபத்தாக ஓட்டியதாக வழக்கு விழுந்ததோ என் தலையில்.

வீட்டுக்காரர் ஒரே முடிவாகச் சொன்னார். “ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேளு. மாஜிஸ்திரேட் மனசு எறங்குவாங்க. கேஸ இழுத்தா நமக்குத்தான் தலவலி லா.”

எனக்கும் பயம்தான். சரி என்றேன். நான் சரி என்பது எங்கள் வீட்டில் தீபாவளி மாதிரி, வருஷத்துக்கு ஒரு தரம்.

மன்னிப்பை மலாயில் மூன்று நாள் மனப்பாடம் செய்தேன். பேசுவதற்கு மார்க்கெட்டில் ‘சாக்காப்’ என்போம். மீன்காரரிடம் சொல்வதைக் கோர்ட்டில் சொன்னால் மரியாதையா? டிவி செய்தியில் கேட்ட ‘பிச்சாரா’வைப் பிடித்துக்கொண்டேன். அதுவும் பேச்சுதான், ஆனால் பட்டுச்சேலை கட்டிய பேச்சு.

கூண்டில் ஏற்றி, குற்றச்சாட்டை வாசித்து, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். முதலில் மன்னிப்பு, பிறகு மற்றது என்று நினைத்து, “புவான், சாயா நாக் பிச்சாரா”, அதாவது அம்மா, நான் பேச வேண்டும், என்றேன் கம்பீரமாக.

மாஜிஸ்திரேட் தலையாட்டினார். எழுத்தர் எழுதினார். ஏதோ ஒரு தேதி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். என் மன்னிப்பு வாயிலேயே நின்றது.

வெளியே, இலவசமாக வழக்காடும் சின்ன வயது வழக்கறிஞர் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“சூப்பர் அக்கா! எல்லாரும் பயந்து ஒத்துக்குவாங்க, நீங்க விசாரண கேட்டுட்டீங்க!”

“நான் எங்கம்மா கேட்டேன்?”

“பிச்சாரா கேட்டீங்களே. கோர்ட்டுல அதுக்கு விசாரணன்னு அர்த்தம். ஒத்துக்கிட்டிருந்தா லைசென்ஸ் வருஷக்கணக்குல போயிருக்கும்.”

ஐயோ, அலமாக்! அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணே என் வழக்கை எடுத்துக்கொண்டாள். விசாரணையில் மோட்டார்காரரிடம், எந்தக் கடையிலிருந்து கிளம்பினீர்கள் என்றுதான் முதலில் கேட்டாள். அவர் சொன்ன கடை அந்த ஒருவழிப் பாதையின் மறுமுனையில் இருந்தது. நேராக வந்தால் எதிர்த்திசைதான். மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர். சுற்றிக்கொண்டு வர அலுப்பாக இருந்தது என்று சொல்லிவிட்டார். என்னை விடுதலை செய்தார்கள்.

எங்கள் தாமான் குடியிருப்பில் நான் வீராங்கனையாகிவிட்டேன். கோர்ட்டையே எதிர்த்து நின்றவள் என்று வேன் பிள்ளைகளின் அம்மாக்கள் கேசரி கிண்டிக் கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டுக்காரருக்கும் ஆச்சரியம். “நான் அவ்ளோ சொல்லியும், எப்புடி அந்தத் தைரியம் வந்துச்சு ஒனக்கு?”

“தைரியம் எங்கங்க? செய்யாத தப்புக்கு மன்னிப்பு கேக்கத்தான் வாயத் தொறந்தேன்.”

சிரிப்பார் என்று பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவர்மேல் கோபமில்லை. விபத்து நடந்தபோது அவர் அங்கே இல்லை. கண்ணால் பார்த்தும் சரி என்று தலையாட்டியவள் நான்தான்.