மறுநாள் குழம்பு

முதலில் உள்ளங்கையில்தான் தொடங்கும். எறும்பு ஊர்வதுபோல இருக்கும், எறும்பு இருக்காது. பிறகு கழுத்து, காதுமடல், வயிற்றோரம். சொறிந்த இடமெல்லாம் தடித்து, ஒன்றோடொன்று சேர்ந்து, எனக்குத் தெரியாத ஏதோ ஒரு தேசம் என் தோலில் எழும்பி நிற்கும். உதடு கனக்கும். முந்தானையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய் நிற்பேன். அரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதைத்தான் பொறுக்க முடியாது.

எண்பதுகளின் நடுவில், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு மருமகளாகப் போன முதல் வருடம் அது. அப்பா ரயில்வேயில் இருக்கிறார் என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசினார்கள். என்ன வேலை என்று அவர்களும் துருவவில்லை, நாங்களும் விளக்கவில்லை.

மாமியார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன். மரக்காணம் பஸ்ஸில் கூடை வந்து இறங்கும். பெரும்பாலும் கானாங்கெளுத்தி. அன்றைக்கே சாப்பிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த வீட்டில் மீன்குழம்பு என்பது திங்கட்கிழமைக்கு உரியது. ராத்திரி முழுக்க மண்சட்டியில் ஊறி, புளியும் மிளகாயும் மீனுக்குள் இறங்கி, காலையில் ஒரு கொதி விட்டு, கேப்பைக்களியோடு. ஃபிரிட்ஜ் அந்தத் தெருவிலேயே யாரிடமும் இல்லை. சட்டியின் அடியில் கிடக்கும் கெட்டித்துண்டு புதிதாக வந்த மருமகளுக்கு. அத்தை அதை மகனுக்குக்கூடத் தரமாட்டார்.

"ஒனக்குன்னு எடுத்து வச்சிக்கினு இருக்கறேன். துன்னு."

தின்பேன். ருசியாகத்தான் இருக்கும், அதுதான் கொடுமை. நாக்கில் மிளகு கடித்தாற்போல லேசாகச் சுறுக்கென்னும், அவ்வளவே. பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் கை ஊரத் தொடங்கிவிடும்.

முதல் தடவை அத்தை பதறிப்போனார். காணாக்கடி என்றார். கண்ணில் படாத பூச்சி ஏதோ கடித்துவிட்டதாம். கம்பளியைக் கொண்டுவந்து முதுகு முழுக்கத் தேய்த்துவிட்டார். எரிந்தது, அந்தக் கையில் பரிவும் இருந்தது. அடுத்தடுத்த திங்கட்கிழமைகளில் பரிவு குறைந்து யோசனை கூடியது.

"இன்னா பூச்சிம்மா அது, எங்கள எல்லாம் உட்டுட்டு ஒன்ன மட்டும் தேடிக்கினு வருது?"

குழாயடியில் ஒரு சொல் புறப்பட்டது: ஒட்டுவாரொட்டி. தொட்டால் ஒட்டும் வியாதியாம். மறைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்களாம். என் வீட்டுக்காரர் ஒரு புதுத் துண்டு வாங்கிவந்தார், தனக்கு மட்டும். கொடியில் அது என் துணிகளுக்கு எட்டாமல் ஓரமாகக் காய்ந்தது. அதைப் பார்த்துப் பார்த்து நான் என் தோலையே வெறுத்தேன். கழற்றி எறிய முடிந்தால் எறிந்திருப்பேன்.

கடைசியில் என் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஒரு வியாழக்கிழமை, வெளுத்த சட்டையும் கையில் வாழைப்பழச் சீப்புமாக வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க," என்றார் அத்தை. "பொண்ணுக்கு மேல்ல வியாதி இருக்கறத சொல்லாம குடுத்துட்டீங்களா?"

நைனா என்னைப் பார்த்தார். அத்தை, "கையக் காட்டும்மா" என்றார்.

காட்டினேன். இரண்டு கையும் சுத்தமாக இருந்தன. ஒரு புள்ளி இல்லை, ஒரு தழும்பு இல்லை. வந்த சுவடே தெரியாமல் போவதுதான் அதன் சுபாவம் என்பது அன்று எங்கள் யாருக்கும் தெரியாது.

"ஒண்ணும் காணமேம்மா?"

"திங்கக்கெழம வந்து பாருங்க. மூஞ்சியெல்லாம் வீங்கிக்கினு நிக்கும்."

"கெழம பாத்து வர்ற வியாதியா?" என்று நைனா சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

இப்போது அத்தையும் பொய் சொல்கிறவர்போல நின்றார், நானும் நடிக்கிறவள்போல நின்றேன். டாக்டரம்மாவிடமே போய்விடலாம் என்று என் வீட்டுக்காரர்தான் சொன்னார். அவர் கடை திறக்கப் போய்விட, நாங்கள் மூவரும் போனோம்.

டாக்டரம்மா என்ன சாப்பிட்டேன், எப்போது சாப்பிட்டேன் என்று கேட்டுக்கொண்டே வந்து, திங்கட்கிழமையில் நின்றார்.

"மீன வெளிய வச்சிருந்தா அதுல ஹிஸ்டமின்னு ஒண்ணு சேரும். எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது. நம்ம உடம்புக்குள்ளயும் அதே ஹிஸ்டமின் உண்டு. அலர்ஜி வந்தா தடிக்க வைக்கிறது அதுதான். சிலருக்கு வெளியில இருந்து வர்றத உடம்பு தாங்காது. இது ஒட்டாதும்மா. சில மணி நேரத்துல அடையாளமே இல்லாம போயிடும்."

அத்தை விடவில்லை. "அதே சட்டிலதான் டாக்டரம்மா நாங்களும் துன்றோம். அதுவும் இல்லாம, பொறந்த வூட்லயும் மீன் துன்னவதான இவ? அப்ப வந்திருக்கணுமே?"

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "அம்மா வீட்ல மறுநாள் குழம்பு சாப்பிட்டப்போ வந்திருக்கா?"

வந்தது என்றால் மறைத்தவர்கள் ஆவோம். வரவில்லை என்றால் டாக்டர் சொன்னது பொய்யாகிவிடும். மூன்றாவதாக ஒரு பதில் இருந்தது. மாமியார் காதுபட அதைச் சொல்வதைவிட வியாதிக்காரியாகவே இருந்துவிடலாம் என்று தோன்றியது. தரையைப் பார்த்தேன்.

"எங்க வூட்ல மறுநாளைக்கு மிஞ்சனதில்லீங்க," என்றார் நைனா.

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மீனே எப்பனா ஒருநாளுதான். கூலி வாங்கற அன்னிக்கி. பசங்க ராத்திரியே சட்டிய வழிச்சி நக்கிடுவாங்க."

சம்பளம் என்று சொல்லியிருக்கலாம். கூலி என்றார். ரயில்வேயில் இருக்கிறார் என்று கல்யாணத்தில் எழுப்பி நிறுத்திய சுவர் அந்த ஒரு சொல்லில் சரிந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை. அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல," என்று டாக்டரம்மா சாதாரணமாகச் சொல்லி மாத்திரை எழுதினார். பழி போயிற்று. வியாதியை நாங்கள் மறைக்கவில்லை. மறைத்தது வேறு, அது இப்போது எல்லோருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது.

வெளியே வந்ததும், "வூட்டுக்கு வந்து ரெண்டு வாய் சாப்ட்டுப் போங்கண்ணே" என்றார் அத்தை. குரல் கனிந்திருந்தது. அதுவரை அவர் நைனாவோடு அப்படிப் பேசியதில்லை. கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இல்லம்மா, பஸ்ஸுக்கு நேரமாவுது." பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கும் ஊரில் அப்படிச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை எல்லோர் முன்னாலும் என் தட்டில் துண்டுக்கு மேல் துண்டாக வைத்தார். "நல்லா துன்னு. இங்க ஒனக்கு ஒண்ணும் கொறவில்ல." நல்ல மனசோடுதான் சொன்னார். குனிந்தபடி தின்றேன். உடம்பில் ஒரு தடிப்பும் எழவில்லை.

நைனா அதன்பிறகும் வந்தார், போனார். எப்போது வந்தாலும், சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்பார்.