மெழுகில் ஒரு வயிறு, மெழுகில் ஒரு தலை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழைக்காலத்து வியாழக்கிழமை ஒன்றில், பெங்களூரு விவேக் நகரில் நடந்தது இது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர், அம்மா வீட்டு வேலை செய்பவர். பேங்க், ஆஸ்பத்திரி, கன்னடத்தில் வரும் நோட்டீஸ் என்று எதுவானாலும், "பாப்பாகிட்ட குடு, அவ பாத்துப்பா" என்பார்கள். அதில் எனக்கு நிறையவே பெருமை. தொம்மலூரில் ஓர் அலுவலகத்தில் மென்பொருள் சோதிக்கும் வேலையும் கிடைத்திருந்தது.

அந்த வருடம்தான் எனக்குப் பெருங்குடல் அழற்சி என்று கண்டுபிடித்தார்கள். வலி, ரத்தப்போக்கு, அடிக்கடி கழிவறைக்கு ஓட்டம். அதையெல்லாம் எப்படியோ சமாளித்தேன். ஆனால் கூடவே பெயர் தெரியாத இன்னொன்றும் வந்தது. தலைக்குள் மெல்லப் பனி இறங்கும். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே நன்றாகத் தெரிந்த சொல் மிதந்து போய்விடும். படிக்கும் வரிகள் தண்ணீருக்கடியில் கிடக்கும் கூழாங்கற்கள் மாதிரி, கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது.

டாக்டர் வயிற்றைப் பற்றிக் கேட்பார், நானும் வயிற்றைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வருவேன். உண்மையில் பயம். எங்கள் குடும்பம் நம்பியிருந்ததே இந்தத் தலையைத்தான். அதுவும் போய்விட்டது என்று அவர் சொல்லிவிட்டால்? யாருக்கும் தெரிவதற்குள் வேலையை விட்டுவிடுவது, அந்த வியாழக்கிழமைக்கு மறுநாளே மேனேஜரிடம் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

அன்று மாலை பஸ்ஸில் வரும்போது வயிறு முறுக்கியது. எங்கள் பகுதி சர்ச் அருகிலேயே இறங்கிக் கட்டணக் கழிவறைக்கு ஓடினேன். வெளியே வந்தால் தூறல். சர்ச்சுக்கு வியாழக்கிழமைதோறும் வரும் கூட்டம். ஈரத் தெருவில் மஞ்சள் விளக்குகள் உருகி ஓடின. ஆட்டோக்கள் சத்தமே இல்லாமல் நழுவிப் போவதுபோல இருந்தது. தினமும் நடக்கும் தெருதான். வீட்டுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா? தெரியவில்லை. எல்லாம் அவ்வளவு அழகாக இருந்தது, அதனாலேயே இன்னும் பயமாக இருந்தது. கூட்டம் தள்ளிய பக்கம் போனேன்.

போய் நின்றது ஒரு மெழுகுவர்த்திக் கடை முன்னால். உடம்பில் எந்த இடத்தில் நோவோ, அந்த உறுப்பை மெழுகில் வாங்கிக் காணிக்கை வைப்பது அங்கே வழக்கம். எந்த மதக்காரரும் வாங்குவார்கள். கை, கால், கண் எல்லாம் ஒரு பெரிய தட்டில் கிடந்தன. கடைக்காரப் பெண்ணுக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும்.

"எங்கேம்மா நோவு?"

"வயிறு."

அவள் ஒரு மெழுகு வயிற்றை எடுத்தாள். என் கண் அதன் பக்கத்தில் இருந்த மெழுகுத் தலைமேலேயே நின்றதைப் பார்த்துவிட்டாள்.

"வயிறா, தலையா? சட்டுனு சொல்லு, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

எனக்குப் பின்னால் நின்றவர், "பேக மாடம்மா, பேக" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார்.

"ரெண்டும்," என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. "வயித்துல வியாதி. ஆனா தலையில எதுவுமே நிக்க மாட்டேங்குது. இப்பகூட வீட்டுக்கு வழி தெரியல."

வாய்விட்டு நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என்னைத் தன் ஸ்டூலில் உட்காரவைத்து, ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்லக்கா. அவர் வயித்து டாக்டர்."

அவள் சிரித்துவிட்டாள். "மெழுவு விக்கிறவகிட்ட சொல்ற, அவருகிட்ட சொல்ல மாட்டியா? வயிறு தனி, தலை தனின்னு பிரிச்சு வைக்க, உன் உடம்பு என்ன என் கடைத் தட்டா?"

அவசரப்படுத்தியவரும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும். டீ குடித்து முடிப்பதற்குள் பனி கொஞ்சம் விலகி, என் தெரு முனை கண்ணெதிரே தெரிந்தது.

மறுநாள் மேனேஜரிடம் போகவில்லை, டாக்டரிடம் போனேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். "இத ஏம்மா இத்தன நாள் சொல்லல?" என்றார். குடலில் அழற்சி அதிகமாகும்போது யோசனை மந்தமாவதைப் பல நோயாளிகள் சொல்வதுண்டாம். ரத்தசோகையும் தூக்கமின்மையும் சேர்ந்தால் இன்னும் கூடுமாம். அறிவு போய்விட்டது என்று அர்த்தமில்லை என்றார். பரிசோதனையில் இரும்புச்சத்து மிகவும் குறைந்திருந்தது. மருந்து மாற்றினார். பனி சில மாதங்களில் மெல்லக் கலைந்தது.

முழுதாக அல்ல. இன்றும் சில நாட்கள் இறங்கும். அதே அலுவலகத்தில்தான் இருக்கிறேன். மீட்டிங்கில் ஒரு சொல் நழுவினால், "ஒரு நிமிஷம், வந்துடும்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன், எல்லோரும் காத்திருக்கிறார்கள். கேட்டவுடன் பதில் சொல்வதுதான் ஒரு காலத்தில் என் பெருமை. இப்போது, பதில் வரும்வரை தலை குனியாமல் நிற்க முடிகிறதே, அதுதான்.